மடக்குக்கத்தி: எடுத்துப் போவதா, அங்கே வாங்குவதா, விட்டுப் போவதா?

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது சிலருக்குக் கை தானாக இழுப்பறைப் பக்கம் போகும். உள்ளே அந்தச் சின்ன மடக்குக்கத்தி கிடக்கும். பழம் நறுக்க, பார்சல் டேப்பைக் கீற, சட்டையில் தொங்கும் நூலை அறுக்க என்று தினமும் கூடவே இருப்பது. அது இல்லாமல் கிளம்பினால் கடிகாரம் கட்டாத மணிக்கட்டு மாதிரி ஏதோ குறையும். நானும் அந்தக் கட்சிதான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விமானத்தில் விடுவார்களா?" அது பாதிக் கேள்வி, அதுவும் சின்னப் பாதி. விமான நிலையச் சோதனையில் மாட்டினால் பெரும்பாலும் கத்தி போகும். இறங்கிய ஊரில், தெருவிலோ ரயில் நிலையத்திலோ மாட்டினால் நாமே போக வேண்டியிருக்கும், காவல் நிலையத்துக்கு. முதலாவது விமானப் பாதுகாப்பு விதி, இரண்டாவது அந்த நாட்டின் ஆயுதச் சட்டம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. விமானத்தில் அனுமதிக்கப்பட்ட கத்தியைத் தெருவில் வைத்திருப்பது குற்றமாகலாம். தெருவில் யாரும் கண்டுகொள்ளாத கத்தியை விமானத்துக்குள் விடாமலும் போகலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கைவசம் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: கேபின் பையிலேயே, குட்டியாக ஒன்று

2001 செப்டம்பர் 11-க்கு முன்னால் அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தியை உள்ளே எடுத்துப் போகலாம் என்றே இருந்தது. இன்று நம்பக் கடினம். அதன்பிறகு உலகம் முழுக்கக் கதவு மூடியது. சுவிஸ் கத்திக் கம்பெனியான விக்டோரினாக்ஸுக்கு விமான நிலையக் கடைகளில் நடந்துவந்த விற்பனை சரிந்தது, அந்தக் கம்பெனி கைக்கடிகாரம், பெட்டி, வாசனைத் திரவியம் பக்கம் கூடுதல் கவனம் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூடிய கதவு பிறகு சில இடங்களில் மட்டும் கொஞ்சம் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் தடைப் பட்டியலில் இருப்பது 6 செ.மீ.-க்கு மேல் அலகுள்ள கத்தி. அதற்குள் இருந்தால் விதிப்படி தடை இல்லை. கனடா 2017 நவம்பர் 27 முதல் அதே 6 செ.மீ.-க்கு வந்தது. ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் விமானம் என்றால் அந்தச் சலுகை கிடையாது, பெட்டி கிழிக்கும் கட்டர் எவ்வளவு சின்னதானாலும் கிடையாது. அமெரிக்காவும் 2013 மார்ச்சில் 6 செ.மீ. வரை அனுமதிப்பதாக அறிவித்தது. விமானப் பணிப்பெண்களும் பணியாளர் சங்கங்களும் கொதித்து எழுந்தார்கள், ஜூனில் அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது. இன்றும் அங்கே வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தி, பிளாஸ்டிக் கத்தி தவிர வேறு எதுவும் உள்ளே போக முடியாது.

ஆகவே இந்த வழி சில வட்டாரங்களுக்குள் சுற்றுகிறவர்களுக்குத் தாளில் சரியாக வரும். தாளில் என்றுதான் சொல்கிறேன். சோதனையில் நிற்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், விதியைக் காட்டி அவரிடம் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. விமானக் கம்பெனியும் தன் பங்குக்குக் கூடுதல் தடை போடலாம். எல்லாவற்றையும் விட, விமானம் மாறும் இடம் மூன்றாவது நாடாக இருந்தால் அங்கே அந்த நாட்டு விதி.

என் சாவிக்கொத்தில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. மூடினால் 58 மி.மீ., அலகு ஏறக்குறைய 4 செ.மீ. கிளம்பிய இடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. வழியில் விமானம் மாறும்போது மறுபடி ஒரு சோதனை. ஸ்கேனர் பெல்ட் நின்றது, பின்னால் நகர்ந்தது, மறுபடி முன்னால் வந்தது. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அலுவலர் சாவிக்கொத்தைத் தூக்கி, நகத்தால் அலகை விரித்துப் பார்த்தார். நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கே கத்தி கூடாது" என்றார், அவ்வளவுதான். வளையத்திலிருந்து அதைக் கழற்றுவதற்குள் என் நகம் பிளந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவரே கழற்றிப் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியில் போட்டார். எட்டிப் பார்த்தேன்: என் கத்தியைப் போலவே சிவப்பில் ஏழெட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளிக் கைப்பிடிக் கத்தரிக்கோல், கார்க் திருகு ஒன்று. எல்லாம் யாரோ ஒருவருடைய சாவிக்கொத்தில் வருஷக்கணக்கில் இருந்தவை.

பணம் அதிகம் போகவில்லை, மனசுதான் கேட்கவில்லை. அதனால் இந்த வழிக்கு என் மதிப்பெண் குறைவு. இழந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற கத்தி என்றால், நேர் விமானம் என்றால், அனுமதிக்கிற வட்டாரத்துக்குள் என்றால் சரி. அப்பா கொடுத்த கத்தி என்றால் கூடவே கூடாது.

இரண்டாவது வழி: செக்-இன் பெட்டியில் போட்டு, அங்கே போய்ப் பாக்கெட்டில்

பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். பெட்டியில் போடுவதில் அநேகமாக எந்த விமான நிலையத்திலும் சிக்கல் இல்லை. அலகை மூடி, ஒரு துணியில் சுற்றி வையுங்கள், பெட்டியைத் திறந்து சோதிப்பவரின் விரல் அறுபடாமல் இருக்கும். சாதாரண மடக்குக்கத்திக்கு இது போதும். பட்டன் கத்தி, உதறினால் திறக்கும் கத்தி, கைப்பிடி இரண்டாகப் பிரிந்து திறக்கும் பட்டர்ஃபிளை கத்தி மாதிரியானவை வேறு சங்கதி. பல நாடுகளில் அவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம். ஹாங்காங்கில் வைத்திருப்பதே கூடாது. கனடாவில் பொத்தானாலோ உதறும் விசையாலோ திறப்பவை தடை செய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் வரும், சுங்கத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் 2019 சட்டத்துக்குப் பிறகு பட்டன் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். அந்த ரகம் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சாதாரணக் கத்திக்கு வருவோம். பெட்டி வந்துவிட்டது, விடுதிக்குப் போயாயிற்று, கத்தியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறீர்கள். உண்மையான கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இணையத்தில் தேடினால் நாட்டுக்கு ஒரு நீளம் போட்ட பட்டியல் நிறையக் கிடைக்கும். அந்தப் பட்டியல்களை நம்பி மோசம் போவது எளிது, ஏனென்றால் நீளம் மட்டுமே கணக்கு என்று அவை நினைக்க வைக்கின்றன. சட்டங்கள் மூன்று விஷயம் பார்க்கின்றன: எவ்வளவு நீளம், எப்படித் திறக்கிறது, ஏன் வைத்திருக்கிறாய். நாட்டுக்கு நாடு இந்த மூன்றில் எதற்கு எடை அதிகம் என்பதுதான் மாறுகிறது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.-க்கு, மேல் போகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். நல்ல தாராளம் என்று தோன்றும். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி "மடக்குக்கத்தி" ஆகாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் 1990-களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டன. பூட்டு இருந்தால் அலகு 2 அங்குலமே ஆனாலும் சலுகை போயிற்று, நல்ல காரணம் காட்டியாக வேண்டும். அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டு சிறை. "பையில் இருப்பதை மறந்துவிட்டேன்" என்பதும் அதனளவில் நல்ல காரணம் ஆகாது என்று தீர்ப்பு இருக்கிறது. வேலை, மதம், தேசிய உடை ஆகியவற்றைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. சீக்கியர் மதக் கடமையாக வைத்திருக்கும் கிர்பான் என்ற குறுவாளும், ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை உடுத்தும்போது காலுறையில் செருகும் குட்டிக் கத்தியும் இதில் அடக்கம்.

உங்கள் கத்தி பூட்டுகிறதா என்று தெரியவில்லையா? விரித்து, கூரில்லாத முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள், விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு. வில்லின் இறுக்கம் தெரிந்து, கொஞ்சம் அழுத்தியதும் மடங்கினால் பூட்டு இல்லை. எவ்வளவு அழுத்தியும் அசையாமல் நின்றால், மூடுவதற்கு ஒரு தகட்டை நகர்த்தவோ வளையத்தைத் திருப்பவோ பட்டனை அமுக்கவோ வேண்டியிருந்தால், அது பூட்டு. ஒரே கம்பெனியின் கத்திகளிலேயே இரண்டும் உண்டு. விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. சிவப்புக் கத்தி பூட்டாது, அவர்களுடைய 111 மி.மீ. கத்திகளில் பல பூட்டும். பல கருவிகள் ஒன்றாக மடங்கியிருக்கும் மல்டிடூல்களிலும் பெரிய அலகு பெரும்பாலும் பூட்டும்.

பிரான்ஸின் ஒப்பினெல் இதற்கு நல்ல உதாரணம். 1890-இல் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. 1955-இல் கழுத்தில் சுழலும் உலோக வளையம் சேர்த்தார்கள், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பயணிகள் ஆசையாக வாங்கும் 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. இதைப் பையில் போட்டுக்கொண்டு லண்டனில் இறங்கினால் நீளத்திலும் தோற்கிறது, பூட்டிலும் தோற்கிறது. பார்ப்பதற்கோ பாட்டி வீட்டு அடுக்களைச் சாமான் மாதிரி இருக்கும்.

சொந்த நாட்டிலாவது அதற்கு முழு விடுதலை உண்டா? அதுவும் இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் நீளக் கணக்கே கிடையாது. அங்கே ஆயுதங்களை எழுத்து வாரியாக வகை பிரித்திருக்கிறார்கள், கத்தி அதில் டி வகையாக எடுத்துக்கொள்ளப்படும், நியாயமான காரணம் இல்லாமல் கூட வைத்திருந்தால் ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். காட்டில் காளான் பறிக்கப் போகிறவர், ஆற்றங்கரையில் ரொட்டியும் சீஸும் விரித்து உட்கார்ந்திருப்பவர் ஆகியோரிடம் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு மெட்ரோ வாசலில் பாக்கெட்டுக்குள் இருந்தால் தெரியவில்லை. இத்தாலியின் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்குதான்: நியாயமான காரணம் இல்லாமல் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகாதே.

ஜெர்மனி திறக்கும் விதத்தைப் பார்க்கிறது. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியும், மடங்காத கத்தி என்றால் 12 செ.மீ.-க்கு மேல் அலகுள்ளதும், தகுந்த காரணம் இல்லாமல் கூட வைத்திருக்கக் கூடாது. அபராதம் 10,000 யூரோ வரை. அலகில் கட்டைவிரல் வைக்க ஒரு துளையோ குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது ஒரு கைக் கத்தி. நகத்தைச் செருகி இரண்டு கையால் இழுத்தால்தான் திறக்கும் என்றால் இந்தத் தடையில் வராது. ஆனால் 2024 ஆகஸ்ட் சோலிங்கன் கத்திக்குத்துக்குப் பிறகு சட்டம் இறுகியது. அக்டோபர் கடைசியிலிருந்து பொது விழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் எந்தக் கத்திக்கும் இடமில்லை என்பது பொது விதி. கைக்கு எட்டாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவதற்கு விலக்கு உண்டு. மூன்று கை அசைவுக்கு மேல் செய்தால்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் இருந்தால் அது கைக்கு எட்டாதது என்று சட்டமே கணக்குச் சொல்கிறது. சோலிங்கன், ஜெர்மனியின் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பது இதில் ஒரு சோகமான விசித்திரம்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பயணிகள் அதிகம் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 6 செ.மீ.-க்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணம் இல்லாமல் கூட வைத்திருந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு 8 செ.மீ. வரை சில அளவு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு "என் கத்தி 5 செ.மீ.தான், தப்பித்தேன்" என்று நிம்மதி அடைகிறார்கள். பின்னாலேயே சிறு குற்றச் சட்டம் என்று இன்னொன்று நிற்கிறது. 1948-இல் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் கத்தியை மறைத்து வைத்திருப்பதை அது குற்றமாக்குகிறது, அதில் நீளமே இல்லை. பைக்குள் இருப்பது மறைத்து வைத்ததுதான். 2023-இல் ஒசாகா உயர் நீதிமன்றம் ஒருவருக்கு விதித்த 9,900 யென் தண்டத்தை உறுதி செய்தது. அவர் பையில் இருந்தது பல கருவிகள் கொண்ட ஒரு மடக்குக்கத்தி. ஆபத்துக்கு உதவும் என்பது காரணமாக எடுபடவில்லை. தொகை சின்னதுதான், ஆனால் அயல்நாட்டில் அதற்காக நடக்கும் விசாரணை, மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருப்பது, தவறிப்போகும் ரயில் எல்லாம் சின்னதல்ல.

சிங்கப்பூரில் சட்டபூர்வமான தேவை இல்லாமல் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு. பழம் நறுக்கும் கத்தி தாக்கும் ஆயுதமா என்பது இடம் பொருள் ஏவலைப் பொறுத்தது, ஆனால் அந்தச் சந்தேகத்தை விளக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் நான் இருக்க விரும்ப மாட்டேன். சீனாவில் ரயில் நிலையமும் மெட்ரோவும் விமான நிலையம் மாதிரியே பையை எக்ஸ்ரேயில் விடும், நகரத்துக்குள் சுற்றினாலே தினம் பலமுறை சோதனை.

ஒரே நாட்டுக்குள்கூட ஒரே விதி இல்லை என்பதற்கு அமெரிக்காவே போதும். டெக்சஸில் 5.5 அங்குலம் வரை பெரிதாகக் கேள்வி இல்லை. நியூயார்க் நகரத்தில் 4 அங்குலத்தைத் தொட்டாலே விதிமீறல், அதைவிடச் சின்னக் கத்தியையும் இடுப்பில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டக் கூடாது. பாக்கெட் விளிம்பில் கிளிப் போட்டு மாட்டும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க. மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் 2.5 அங்குலத்துக்குக் குறைந்த மடக்குக்கத்திக்குத்தான் சட்டத்தில் விலக்கு, வாசலில் நிற்பவர் அதையும் மறுக்கலாம். காரில் மாநிலம் மாநிலமாகப் போகிறவர் எல்லை தாண்டும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபிறகு இரண்டாவது வழியைப் பற்றி என் அபிப்பிராயம் மாறிவிட்டது. முன்பெல்லாம் இதுதான் இயல்பான வழி என்று நினைத்திருந்தேன். இப்போது, ஒரே நாட்டுக்குப் போய் அங்கேயே தங்குகிறவர், அந்த நாட்டுச் சட்டத்தை உட்கார்ந்து படித்தவர், இவர்களுக்கு மட்டும் இது சரி. நாலு நாடு சுற்றுகிறவருக்குச் சரிவராது.

மூன்றாவது வழி: பெட்டியில் போகட்டும், பாக்கெட்டுக்கு வர வேண்டாம்

கேட்பதற்கு இரண்டாவதைப் போலவே இருக்கும். வித்தியாசம் கத்தி எங்கே தூங்குகிறது என்பதில். இதில் அது ரொட்டி, பழம், தட்டு வைத்திருக்கும் சாப்பாட்டுப் பையிலோ, கூடாரச் சாமானோடோ இருக்கும். காலையில் மலை ஏறப் போகும்போது கூட வரும், சாயங்காலம் ஊருக்குள் காபி குடிக்கப் போகும்போது அறையிலேயே இருக்கும்.

சட்டம் "ஏன்" என்று கேட்கும் நாடுகளில் இதுதான் பதில் சொல்லும் முறை. காரணத்தை வாயால் சொல்வதைவிட, கத்தி இருக்கும் இடம் சொல்வது எடுபடும். பையைத் திறந்தால் கத்தி, பக்கத்தில் பாதி நறுக்கிய ஆப்பிள், ஒரு சின்னப் பலகை. கேட்கிறவருக்கு அடுத்த கேள்வி கேட்கத் தோன்றாது. ஜெர்மனியின் மூன்று அசைவுக் கணக்குக்கும் இது ஒத்துவரும்: முதுகுப்பை, உள்ளே டப்பா, டப்பாவுக்குள் துணி, துணிக்குள் கத்தி.

கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள், நெடுநடைக்காரர்கள், சைக்கிளில் சுற்றுகிறவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை. ஒரு சங்கடம்: நாளெல்லாம் நடந்துவிட்டு நேராக நகரத்துக்குள் வருகிற நாள். பஸ் நிலையத்தில் இறங்கும்போது முதுகில் கத்தி இருக்கிறது. அது அடியில், கட்டப்பட்டு இருந்தால் பெரும்பாலும் போதும். அப்படியே அருங்காட்சியகத்துக்கோ நீதிமன்றக் கட்டடத்துக்கோ கால்பந்துப் போட்டிக்கோ போகாதீர்கள். வாசலில் பை திறக்கப்படும்.

எந்தக் கத்தி? இரண்டு கையால் திறப்பது, பூட்டாதது, அலகு 6 செ.மீ.-க்குள். இந்த மூன்றும் பொருந்தினால் மேலே சொன்ன நாடுகளில் நீளத்தையும் திறக்கும் விதத்தையும் வைத்துத் தடுக்க வழி மிகக் குறைவு, மிச்சம் நிற்பது காரணம் மட்டும். கவனியுங்கள், பிரபலமான அந்த 91 மி.மீ. சிவப்புக் கத்தியின் பெரிய அலகு ஏறக்குறைய 7 செ.மீ., இந்த வரம்பைத் தாண்டுகிறது. வாங்கும்போது மூடிய நீளத்தைத்தான் கடையில் சொல்வார்கள், அலகை அளந்து பாருங்கள். கூரான விளிம்பை மட்டும் அளப்பதா, கைப்பிடியிலிருந்து நுனி வரைக்குமா என்பதிலும் நாட்டுக்கு நாடு பேதம் உண்டு. பெரிய எண்ணையே உங்கள் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வழி: அங்கே போய் வாங்குவது

கேபின் பை மட்டும் எடுத்துப் பறக்கிறவர்களுக்கு இது பொருத்தம். இறங்கிய ஊரின் சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி நறுக்கும் சின்னக் கத்தி கிடைக்கும், விலை ஒரு காபிக்கும் ஒரு சாப்பாட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கிளம்பும் நாளில் தங்கிய இடத்தின் சமையலறையில் வைத்துவிட்டு வரலாம். அடுத்து வருகிறவர் வாழ்த்துவார்.

இதில் இரண்டு விஷயம் மறந்துபோகும். காய்கறிக் கத்தி மடங்காது, மடங்காத கத்திக்குப் பல நாடுகளில் மடக்குக்கத்தியைவிடக் கெடுபிடி அதிகம். இங்கிலாந்தின் 3 அங்குலச் சலுகை அதற்குக் கிடையாது. ஆகவே கடையிலிருந்து அறைக்கு அட்டையைப் பிரிக்காமல், ரசீதோடு கொண்டுபோங்கள். அறையில் பிரித்தபின் அறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இரண்டாவது, உள்ளூர்க் கடையில் தாராளமாக விற்கிறார்கள் என்பதால் அதைத் தெருவில் வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. சுற்றுலாத் தலங்களில் பட்டன் கத்தி மாதிரி சங்கதிகளையும் அலங்காரப் பொருளாக விற்கும் கடைகள் உண்டு. விற்றவர் மேல் பழி போட முடியாது, கையில் இருப்பது உங்களிடம்.

வாங்கவே வேண்டாம், கேட்டாலும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதி என்றால் கத்தி அங்கேயே இருக்கும். ஹோட்டலில் பழம் நறுக்க வேண்டும் என்றால் தட்டோடு கொண்டுவந்து தருவார்கள். வெளியே பழம் வாங்கினால் கடைக்காரரையே நறுக்கித் தரச் சொல்லலாம். நான் இதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருஷம் ஆனது என்று தெரியவில்லை.

ஐந்தாவது வழி: அலகே இல்லாத கருவி

சின்னக் கத்தரிக்கோல், திருப்புளி, பாட்டில் திறப்பான், அரம், சாமணம் எல்லாம் இருந்து கத்தி அலகு மட்டும் இல்லாத மல்டிடூல்கள் வந்திருக்கின்றன. விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர், லெதர்மேன் ஸ்டைல் பி.எஸ். இரண்டும் விமானப் பயணிகளை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. 2024-இல் விக்டோரினாக்ஸ் அலகில்லாத கருவிகளைக் கூடுதலாக உருவாக்குவதாகவும் சொன்னது, உலகம் முழுக்கக் கத்திச் சட்டங்கள் இறுகுவதுதான் காரணம். 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தி என்று பதிவு செய்து உலகப் புகழ் பெற்ற கம்பெனி, கத்தியில்லாத கத்தி செய்கிறது.

நான் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு பயணம் முழுக்க எதற்கெல்லாம் கத்தியை எடுக்கத் தோன்றியது என்று குறித்து வைத்துப் பார்த்தேன். டேப் கீற, விலைச்சீட்டு அறுக்க, பிளாஸ்டிக் உறை கிழிக்க, முள் எடுக்க, கண்ணாடிச் சட்டத்தின் திருகை இறுக்க. இவற்றில் ஒன்றுக்கும் அலகு தேவையில்லை, கத்தரிக்கோலும் சாமணமும் திருப்புளியும் போதும். அலகு கட்டாயம் வேண்டியிருந்தது பழத்துக்கும் ரொட்டிக்கும்தான், அது இரண்டும் அறையில் நடந்தவை. கத்தரிக்கோலுக்கும் கேபினில் நீள வரம்பு உண்டு, ஐரோப்பாவில் திருகாணியிலிருந்து நுனிவரை 6 செ.மீ. இந்தக் குட்டிக் கருவிகளில் உள்ளவை அதைத் தொடுவதே இல்லை. அப்படியும் ஒரு அலுவலர் பிடுங்கலாம், அதற்கு மருந்து இல்லை.

தபாலில் முன்கூட்டி அனுப்புவதைச் சிலர் ஆறாவது வழியாகச் சொல்வார்கள். சுங்கம், தபால் தடைகள், வந்து சேரும் தேதி என்று தலைவலி அதிகம். விலை உயர்ந்த சமையல் கத்தியோடு வேலைக்குப் போகும் சமையல்காரருக்கு அது நியாயம், மற்றவர்களுக்கு இல்லை.

நான் என்ன செய்கிறேன்

கேபின் பை மட்டும் என்றால் அலகில்லாத கருவி, கூடவே தேவைப்பட்டால் அங்கே ஒரு காய்கறிக் கத்தி. பெட்டி போடுகிற பயணம், அதிலும் மலையோ கூடாரமோ இருக்கிறது என்றால் மூன்றாவது வழி: பூட்டாத, இரண்டு கைக் கத்தி, சாப்பாட்டுப் பையில். பல நாடு சுற்றும் பயணம் என்றால் வழியில் வரும் நாடுகளிலேயே கெடுபிடி அதிகமான நாடு எதுவோ அதன் விதியை எல்லா நாட்களுக்கும் வைத்துக்கொள்கிறேன். பட்டியலில் ஜப்பானோ சிங்கப்பூரோ இருந்தால் கத்தி வீட்டிலேயே இருக்கும். ஜப்பானில் அருமையான கத்தி வாங்கிவர ஆசைப்பட்டால் கடையில் அட்டைப்பெட்டியோடு நன்றாகக் கட்டித் தருவார்கள், அதை அப்படியே செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுவது.

"தற்காப்புக்காக" என்று கத்தி எடுத்துப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் ஜப்பானிலும் அது காரணமாக ஏற்கப்படாது. அதைவிட, அப்படிச் சொன்ன கணமே பழக்கத்தி ஆயுதம் ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் 3 அங்குலத்துக்குள் இருக்கும் பூட்டில்லாத கத்திகூட, பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதம்தான். போலீஸ் கேட்டால் கையைப் பைக்குள் விடாதீர்கள். கத்தி எங்கே இருக்கிறது, எதற்கு என்று வாயால் சொல்லுங்கள், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், திரும்பும் நாள். போகும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் போகிறார்கள், என் சாவிக்கொத்துக் கத்தி போனது திரும்பும் வழியில். கடைசி நாள் மலையிலிருந்து இறங்கி, அவசரமாகப் பெட்டி கட்டி, முதுகுப்பையைக் கேபினுக்கு என்று வைத்துக்கொண்டு ஓடுவோம். அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள், ஆப்பிள் தோல் ஒட்டிய துணிக்குள், அது இருக்கும். கவுன்டரில் பெட்டியை ஒப்படைக்கும் முன்னால் அந்த ஜிப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.